கப்பலில் எந்த அறை: பதினொரு பேருக்கும் மூன்று இரவுக்கும் ஒரு கணக்கு

மலேசியாவில் எங்கள் ஊரான சுங்கை சிப்புட்டில் கல்யாணப் பந்தியிலோ கோயில் திருவிழாக் கூட்டத்திலோ யாராவது உல்லாசக் கப்பலில் போய்வந்ததாகச் சொன்னால், அடுத்த கேள்வி பெரும்பாலும் “பால்கனி எடுத்தீங்களா?” என்பதாகவே இருக்கும். எடுத்தேன் என்றால் ஒரு மரியாதை. எடுக்கவில்லை என்றால், பாவம், காசைப் பார்த்திருக்கிறார் என்றொரு பார்வை. இரண்டு முறை போய்வந்து, மூன்றாவது பயணத்துக்கு அறை பதிவு செய்ய உட்கார்ந்திருக்கும் எனக்கு அந்தக் கேள்வியே சற்று முந்திக்கொள்கிறது என்று தோன்றுகிறது. அறையின் வகையைக் கேட்பதற்கு முன், அதில் யார் படுக்கப்போகிறார், விழித்திருக்கும் பொழுதில் எவ்வளவு நேரம் அதற்குள் இருப்பார், அறை கப்பலின் எந்தப் பகுதியில் இருக்கிறது என்ற மூன்றையும் கேட்டாக வேண்டும்.

இந்த முறை நாங்கள் பதினொரு பேர். எழுபத்தெட்டு வயதாகும் அம்மா, நானும் மனைவியும், வேலைக்குப் போகும் மகன், தங்கை, அவள் கணவர், பள்ளி செல்லும் பிள்ளைகள் இருவர், தம்பி, அவன் மனைவி, பதினைந்து மாதக் குழந்தை. கிள்ளான் துறைமுகத்தில் ஏறி, புக்கெட் வரை சென்று திரும்பும் மூன்று இரவுப் பயணம். மூன்று குடும்பங்களும் ஓராண்டாக மாதாமாதம் ஒதுக்கிவைத்த பணம்தான் கையிருப்பு. எல்லாருக்கும் பால்கனி என்றால் அந்தப் பணம் போதாது. எல்லாருக்கும் ஜன்னலில்லாத அறை என்றால் அம்மா வரமாட்டார். ஆகவே, ஒவ்வொரு வகையையும் ஆளுக்கேற்பப் பிரித்துப் பார்க்க வேண்டியதாயிற்று.

இந்தக் கணக்கு எங்கள் குடும்பத்துக்குப் புதிதும் அன்று. என் பாட்டி நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பலில் ஏறிப் பினாங்கில் இறங்கியவர். 1926இல் கட்டப்பட்ட அந்தக் கப்பலில் அறை எடுக்க வசதியுள்ளவர்கள் சிலரே. ரப்பர் தோட்டத்துக்கு வந்த நம்மவர்கள் ‘டெக்’ பயணிகள், அதாவது தட்டில் பாய் விரித்து இடம் பிடித்துக்கொள்ள வேண்டியவர்கள். ஓரத்தில் படுத்தால் உப்புத்தண்ணீர் தெறிக்கும், இயந்திரத்தின் பக்கம் அனல் அடிக்கும், கழிப்பறைக்கு அருகில் நாற்றம், முன்பக்கம் போனால் குடலைப் புரட்டும் என்பதால், ஏறியதும் தாத்தா பாயைச் சுருட்டிக்கொண்டு நடுப்பகுதிக்கு ஓடியதாகப் பாட்டி சொல்வார். எல்லாரும் ஒரே கட்டணம் கொடுத்த அந்தத் தட்டிலும் நல்ல இடம், கெட்ட இடம் என்று இருந்திருக்கிறது. இன்றைய கப்பலின் தள வரைபடத்தை விரித்துவைத்துக்கொண்டு நான் தேடுவதும் தாத்தா ஓடிப் பிடித்த அதே நடுவிடத்தைத்தான்.

கட்டணம் கணக்கிடப்படும் முறையை முதலில் புரிந்துகொள்வது நல்லது. விளம்பரத்தில் காணும் விலை, ஓர் அறையில் இருவர் தங்குவதாக வைத்துக்கொண்டு ஒருவருக்குச் சொல்லும் விலை. அதே அறையில் மூன்றாவது, நான்காவது ஆளாகத் தங்குபவருக்குப் பொதுவாகக் கட்டணம் குறைவு. தனியாக ஓர் அறை எடுப்பவர் பல சமயங்களில் ஏறத்தாழ இருவர் கட்டணத்தையே செலுத்த நேரும். துறைமுகக் கட்டணமும், நாளொன்றுக்கு இவ்வளவு என்று வசூலிக்கப்படும் சேவைக் கட்டணமும் தலைக்கணக்கில் சேரும். இவை அறையின் விலையில் அடங்கியிருக்கின்றனவா என்பதைக் கேட்டுக்கொள்ள வேண்டும். உணவுக்கூடம், நீச்சல்குளம், மேடை நிகழ்ச்சி ஆகியவற்றைப் பொறுத்தவரை, மிக உயர்ந்த வகை அறைகளை விட்டுவிட்டால், எந்த அறைக்காரருக்கும் ஒரே உரிமைதான். கூடுதலாகக் கொடுக்கும் ஒவ்வொரு வெள்ளியும் (ரிங்கிட்டும்) அந்த நான்கு சுவருக்கும் ஒரு ஜன்னலுக்கும் போகிற பணம் என்பதை மனத்தில் நிறுத்திக்கொண்டால் மற்றவை தெளிவாகிவிடும்.

உட்புற அறை என்பது ஜன்னலே இல்லாத அறை. பொதுவாக 150 முதல் 180 சதுர அடி வரை இருக்கும். நம் தாமான் (குடியிருப்புப் பகுதி) வீட்டின் நடு அறைக்குள் ஒரு குளியலறையையும் அலமாரியையும் சேர்த்து அடக்கினால் எப்படியோ, அப்படி. விளக்கை அணைத்துவிட்டால் கும்மிருட்டு. இரவு வெகுநேரம் சுற்றிவிட்டுக் காலையில் தாமதமாக எழும் இளைஞர்களுக்கு இதைவிட நல்ல உறக்கம் வேறு எந்த அறையிலும் வராது என்பது என் மகனின் சாட்சியம். பல கப்பல்களில் அறைத் தொலைக்காட்சியின் ஓர் அலைவரிசையில் கப்பலின் முன்பக்கக் கேமரா காட்டும் காட்சி ஓடிக்கொண்டிருக்கும். அதை ஒலியில்லாமல் போட்டுவைத்தால் பொழுது விடிவது தெரியும். கப்பல்களில் அரிதாக வேறொரு வகையும் உண்டு: 2014 முதல் சில கப்பல்களின் உட்புற அறைகளில் தரையிலிருந்து கூரை வரை ஒரு திரையைப் பொருத்தி, வெளியே உள்ள கடலை அப்போதைக்கப்போதே அதில் காட்டுகிறார்கள். குழந்தைகள் சிரிப்பார்கள், காற்று வராது.

முதல் பயணத்தில் அம்மாவை அத்தையோடு ஓர் உட்புற அறையில் தங்கவைத்தோம். அது நான் செய்த பிழை. முப்பது ஆண்டுகளுக்கு மேல் பால்மரம் வெட்டிய, அதாவது ரப்பர் மரத்தில் பால் எடுத்த, உடம்பு அவருடையது. அலாரம் இல்லாமல் நான்கு மணிக்கு எழும். ஆனால் அந்த உடம்புக்கும் இருட்டின் அடர்த்தி, சேவல், பக்கத்து வீட்டுப் பாத்திரச் சத்தம் என்று சில அடையாளங்கள் வேண்டும். அறைக்குள் அவை எதுவும் இல்லை. நள்ளிரவு தாண்டி ஒன்றேகால் மணிக்கு விழித்தவர், நேரமாகிவிட்டது என்று எண்ணிக் குளித்து, சேலை மாற்றி, திருநீறு பூசி, கைப்பையோடு லிப்ட் அருகிலிருந்த நாற்காலியில் போய் உட்கார்ந்துகொண்டார். அறைப் பணியாளர் ஒருவர் அவரைக் கண்டு, அட்டையிலிருந்த பெயரை வைத்து என் கதவைத் தட்டினார். “ரப்பர் ஸ்டோருக்கே ஜன்னல் இருந்துச்சுடா, இதுக்கு இல்லையே” என்றார் அம்மா. வயதானவர்கள், இரவில் எழுந்தால் திசை தடுமாறுபவர்கள், மூடிய இடத்தில் மூச்சு முட்டுவதாக உணர்பவர்கள் ஆகியோருக்கு உட்புற அறை சேமிப்பாகாது. வேறு வழியில்லை என்றால் குளியலறை விளக்கை எரியவிட்டுக் கதவை ஒரு விரற்கடை திறந்துவைக்கலாம். செருகக்கூடிய சிறிய இரவு விளக்கு ஒன்றைக் கொண்டுபோகலாம்.

அடுத்தது, கடல் தெரியும் ஜன்னல் அறை. இந்த வகையைத்தான் பலரும் நடுவில் விட்டுவிட்டுத் தாண்டிப்போகிறார்கள். என் கணிப்பில் குறுகிய பயணங்களுக்கு மிகவும் குறைத்து மதிப்பிடப்படுவதும் இதுவே. ஜன்னல் திறக்காது, ஆனால் வெளிச்சம் வரும். கடலும் வானும் சந்திக்கும் கோடு கண்ணில் படும். தலைசுற்றல் உள்ளவருக்கு அந்தக் கோடு ஒரு மருந்து, ஏனென்றால் காதுக்குள் உணரும் அசைவும் கண் பார்க்கும் அசைவும் ஒத்துப்போகாதபோதுதான் குமட்டல் தொடங்குகிறது. இந்த அறைகள் பெரும்பாலும் கீழ்த்தளங்களில் இருப்பதால் ஆட்டமும் குறைவு. ஜன்னல் என்ற சொல்லை மட்டும் நம்பிவிடக் கூடாது. சில அறைகளில் அது வட்டமான சிறு துளை; சிலவற்றில் அகன்ற கண்ணாடி; இன்னும் சிலவற்றில் கண்ணாடிக்கு நேர் எதிரே ஆரஞ்சு நிற உயிர்காப்புப் படகு தொங்கிக்கொண்டிருக்கும். ‘மறைக்கப்பட்ட காட்சி’ என்று குறிப்பிட்டு அத்தகைய அறைகளைக் குறைந்த விலைக்குக் கொடுப்பார்கள். முழுவதும் மறைகிறதா, கீழ்ப்பாதி மட்டுமா என்று கேட்டு அறிந்து, வெளிச்சம் மட்டும் போதும் என்றால் தாராளமாக எடுக்கலாம். நடைபாதைத் தளத்தில் உள்ள ஜன்னலில் வேறொரு தொல்லை உண்டு: வெளியே நடப்பவர்கள் உள்ளே பார்த்துக்கொண்டே போவார்கள்.

பால்கனிக்கு வருவோம். தோட்டத்து லயத்து வீடுகளில் முன்பக்கம் ஓர் அஞ்சடி, அதாவது திண்ணை போன்ற முகப்பு, இருந்ததை நினைவுள்ளவர்கள் அறிவார்கள். வீட்டுக்குள் சமையலும் படுக்கையும். மற்ற வாழ்க்கை முழுவதும் அந்த அஞ்சடியில்தான் நடந்தது. அரிசி புடைத்தது, தலைவாரியது, வெற்றிலை மென்றது, போகிற வருகிறவர்களை நிறுத்திப் பேசியது எல்லாம் அங்கேதான். இரண்டாம் பயணத்தில் பால்கனி அறையின் கண்ணாடிக் கதவைத் தள்ளிவிட்டபோது அம்மா, “இங்கயும் அஞ்சடி வச்சிருக்கானே” என்று சொல்லி உட்கார்ந்தவர்தான். புக்கெட்டில் எல்லாரும் கரையிறங்கிய நாளிலும் அவர் வரவில்லை, முட்டிவலி என்றார். காலைச் சிற்றுண்டியை அறைக்கே வரவழைத்துக்கொண்டு, துறைக்கும் கப்பலுக்கும் ஆட்களை ஏற்றிச்செல்லும் சிறுபடகுகளை எண்ணிக்கொண்டிருந்தார். இரவில் அந்தமான் கடலில் கணவாய் பிடிக்கும் படகுகள் எரிக்கும் பச்சை விளக்குகள் தொடுவானத்தில் வரிசையாகத் தெரிந்தபோது, யாரோ தொலைவில் தீபாவளிக்கு விளக்கு கட்டியிருக்கிறார்கள் என்று எங்களை எழுப்பிக் காட்டினார்.

அதே கப்பலில் நானும் மனைவியும் எடுத்திருந்த பால்கனியின் கதை வேறு. மூன்று இரவுப் பயணத்தில் முதல்நாள் ஏறுவது பிற்பகல். இரண்டாம் நாள் பெரும்பகுதி கடல். மூன்றாம் நாள் பகல் கரை. நான்காம் நாள் இறங்குவது. பொழுது இருட்டியபின் பால்கனியிலிருந்து தெரிவது பெரும்பாலும் கறுப்பு. சாப்பாடு, நீச்சல்குளம், பேரப்பிள்ளை வயதுச் சிறுவர்களைத் தேடி ஓடுதல் ஆகியவை போக, நாங்கள் இருவரும் பால்கனியில் உட்கார்ந்த நேரத்தைக் கூட்டினால் ஐந்து மணி நேரம்கூடத் தேறவில்லை. ஆளுக்கு ஐந்நூறு வெள்ளி கூடுதல் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொண்டால், இருவருக்கு ஆயிரம். மணிக்கு இருநூறு வெள்ளி கொடுத்துக் கடல் பார்த்திருக்கிறோம். மேல்தளத்தில் போனால் அதே கடல் இலவசம், கூடவே காற்றும் நான்கு பக்கமும். அம்மாவோ அதே கூடுதல் தொகையில் இருபது மணி நேரத்துக்கு மேல் அங்கே இருந்தார். அவருடைய கணக்கில் மணிக்கு ஐம்பது வெள்ளியும் ஆகவில்லை.

பால்கனியில் நம்மவர்கள் எதிர்பாராத சில செய்திகளும் உண்டு. கதவைத் திறந்துவைத்தால் நம் கடற்பகுதியின் ஈரக்காற்று உள்ளே வந்து கண்ணாடியெல்லாம் வியர்க்கும். பல கப்பல்களில் கதவு திறந்திருக்கும்வரை குளிரூட்டி தானாகவே நின்றுவிடும். ஈரத்துணியைக் கம்பியில் காயப்போடக் கூடாது. பறந்துபோகும் என்பதோடு, தீப்பற்றும் என்ற அச்சமும் உண்டு. இந்த அச்சம் வெறும் சம்பிரதாயமன்று. 2006 மார்ச்சில் கரீபியன் கடலில் ஸ்டார் பிரின்சஸ் கப்பலின் பால்கனி ஒன்றில் தொடங்கிய தீ, பால்கனியிலிருந்து பால்கனிக்குத் தாவி நூற்றுக்கும் மேற்பட்ட அறைகளைப் பாழாக்கியது. அணைக்கப்படாத சிகரெட் துண்டு காரணமாக இருக்கலாம் என்று கருதப்பட்டது. அதன் பிறகுதான் பால்கனியில் போடப்படும் நாற்காலி, தடுப்புப் பலகை ஆகியவற்றுக்கும் தீத்தடுப்பு விதிகள் இறுகின. சாமி கும்பிடச் சூடமும் ஊதுபத்தியும் கொண்டுவருகிறேன் என்ற அம்மாவுக்கும், பஃபேயில் சோறு சரியில்லை என்றால் பார்த்துக்கொள்ளலாம் என்று ரைஸ் குக்கரைப் பெட்டியில் வைத்த தங்கைக்கும் இந்தக் கதையைச் சொல்லித்தான் தடுத்தேன். திறந்த சுடருக்கும் சூடேறும் மின்கருவிகளுக்கும் எந்த வகை அறையிலும் இடமில்லை. ஓடித்திரியும் குழந்தை இருந்தால், நாற்காலியை ஒருபோதும் கைப்பிடிச் சுவரருகே விடக் கூடாது.

சூட் எனப்படும் பெரிய அறைத்தொகுதியைப் பற்றி அதிகம் சொல்ல என்னிடம் இல்லை. தனி உணவகம், வரிசையில் நிற்காமல் ஏறுவது, சில கப்பல்களில் தனிப்பணியாளர் என்று வசதிகள் உண்மையானவை, விலையும் அப்படியே. அறுபதாம் கல்யாணத்துக்குப் பிள்ளைகள் சேர்ந்து பெற்றோரை அனுப்புகிறார்கள் என்றால் பொருத்தம். பதினொரு பேர் கூட்டமாகப் போய் ஒரே மேசையில் உட்கார விரும்பும்போது, இருவரை மட்டும் தனி உணவகத்துக்கு அனுப்புவதில் என்ன இருக்கிறது?

இன்னொரு வகை, அறை வகையை மட்டும் நாம் தேர்ந்துகொண்டு, எண்ணைக் கப்பல் நிறுவனமே பின்னர் முடிவு செய்ய விட்டுவிடுவது. விலை குறையும், சில சமயம் மேம்பட்ட அறையே கிடைத்துவிடுவதும் உண்டு. தனியாளுக்கும் இளம் ஜோடிக்கும் இது நல்ல சூதாட்டம். குடும்பமாகப் போகிறவர்களுக்கு ஒரு குடும்பம் ஐந்தாம் தளத்தின் முன்கோடியிலும் மற்றொன்று பத்தாம் தளத்தின் பின்கோடியிலும் விழுந்தால், பயணம் முழுவதும் லிப்டில்தான் கழியும்.

இனி, வகையைவிட முக்கியம் என்று நான் நம்பும் இடத்துக்கு வருகிறேன். பால்மரக் காட்டில் காண்டாக் கம்பில் இரண்டு பக்கமும் வாளி தொங்கவிட்டுத் தூக்கி நடந்தவர்களைப் பார்த்திருப்பீர்கள். கம்பின் இரண்டு முனைகளும் மேலும் கீழுமாக ஆடும்; தோளில் படும் நடுப்பகுதி மட்டும் அசையாது. கப்பலும் அலைமேல் ஏறி இறங்கும்போது அப்படித்தான். முன்கோடியும் பின்கோடியும் எழுந்து விழும், நடுப்பகுதி அமைதியாக இருக்கும். பக்கவாட்டு ஆட்டத்துக்குப் பாக்கு மரத்தை நினைத்துக்கொள்ளலாம்: அடி நிற்கும், உச்சி ஆடும், எனவே உயரமான தளத்தில் அது கூடுதலாகத் தெரியும். கப்பலின் இருபுறமும் நீருக்கடியில் மீன் துடுப்பு போல நீட்டப்படும் நிலைநிறுத்திகள் இந்தப் பக்கவாட்டு ஆட்டத்தைப் பெரிதும் தணிக்கின்றன. முன்பின் ஏற்ற இறக்கத்துக்கு அவற்றால் ஆகக்கூடியது குறைவு. ஆகவே, தலைசுற்றல் உள்ளவருக்குச் சிறந்த அறை, கீழ்த்தளத்தில், கப்பலின் நட்டநடுவில் உள்ள அறைதான். வேடிக்கை என்னவென்றால் அது பெரும்பாலும் விலை குறைந்ததாகவும் இருக்கும்.

எங்கள் பாதையில் இந்த அச்சம் சற்றுக் குறைவுதான். மலாக்கா நீரிணை, சுமத்ராவும் தீபகற்பமும் இரண்டு பக்கமும் அணைத்துக்கொண்டிருக்கும் நீர்ப்பரப்பு. பெருங்கடலின் நீண்ட அலை அதற்குள் அதிகம் நுழைவதில்லை. நீரிணையைத் தாண்டி புக்கெட் பக்கம் போனால், தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மே முதல் அக்டோபர் வரையிலான மாதங்களில் அந்தமான் கடல் கொஞ்சம் முரண்டு பிடிக்கும். ஆண்டு இறுதியில் கிழக்குப் பக்கமாகத் தென்சீனக் கடலில் போகும் பயணம் எடுப்பவர்கள் வடகிழக்குப் பருவக்காற்றை மனத்தில் கொண்டு நடுப்பகுதிக்கே முதலிடம் தர வேண்டும்.

ஆட்டத்தை அடுத்து சத்தம். இரண்டாம் பயணத்தில் எங்கள் பால்கனி அறை கிடைத்த தளம் உயரமானது. கடல் நன்றாகத் தெரியும் என்று முகவர் சொன்னதைக் கேட்டு மகிழ்ந்து எடுத்தேன். தலைக்கு மேல் இருந்தது பஃபே உணவுக்கூடம் என்பதை நான் பார்க்கவில்லை, அவரும் சொல்லவில்லை. அதிகாலை ஐந்து மணிக்குத் தள்ளுவண்டிகள் உருளத் தொடங்கின. பிறகு நூற்றுக்கணக்கான நாற்காலிகளை இழுத்துப் போடும் ஓசை, கூரையில் யாரோ மிளகாய் அரைக்கும் அம்மியை நகர்த்துவது போல. மூன்று நாளும் அதே நேரம். இரண்டு தளம் கீழே என் தங்கை, எங்கள் விலையில் பாதி கொடுத்து எடுத்த உட்புற அறையில் எட்டு மணிவரை உறங்கினாள்.

அன்றிலிருந்து நான் தள வரைபடத்தை மூன்றடுக்காகப் பார்க்கிறேன்: எடுக்கப்போகும் தளம், அதற்கு நேர் மேலே இருப்பது, நேர் கீழே இருப்பது. மேலும் கீழும் அறைகளாகவே இருந்தால் கவலையில்லை. மேலே நீச்சல்குளமோ உணவுக்கூடமோ இருந்தால் நாற்காலிச் சத்தம். கீழே அரங்கமோ நடனக்கூடமோ இருந்தால் நள்ளிரவுவரை தரை அதிரும். வரைபடத்தில் ஒன்றும் எழுதாமல் வெறுமையாக விட்டிருக்கும் வெள்ளைப் பகுதிகளையும் ஐயப்பட வேண்டும். அங்கே சமையற்கட்டோ சலவைக் கிடங்கோ பணியாளர் கதவோ இருக்கக்கூடும். கீழ்த்தளத்தின் முன்கோடி அறைகளில், கப்பல் துறையை அணையும் அதிகாலையில் பக்கவாட்டு உந்திகளின் இரைச்சலும், நங்கூரம் இடும் இடமானால் சங்கிலி ஓடும் ஓசையும் அலாரத்துக்கு வேலை வைக்காது. பின்கோடியில் உந்திகளின் மெல்லிய அதிர்வு இருக்கும். ஆனால் பின்பக்கப் பால்கனியிலிருந்து கப்பல் விட்டுச்செல்லும் வெண்ணுரைத் தடத்தைப் பார்க்க விரும்புவோர் அதைப் பொருட்படுத்துவதில்லை.

நடக்கும் தொலைவும் கணக்கில் சேர வேண்டியது. கெந்திங் டிரீம் போன்ற கப்பலின் நீளம் 335 மீட்டர். மூன்று காற்பந்துத் திடல்களை வரிசையாக வைத்தது போன்ற தாழ்வாரம். முட்டிவலிக்காரருக்கு ஜன்னலைவிட லிப்டுக்கு ஐந்தாறு கதவு தள்ளியிருக்கும் அறையே பெரிய வசதி. லிப்டுக்கு ஒட்டிய அறை வேண்டாம். இரவு நிகழ்ச்சி முடிந்து வருகிறவர்கள் அங்கே நின்றுதான் விடைபெறுவார்கள். படிக்கட்டும் அருகில் இருக்கட்டும். 2012இல் கோஸ்டா கொன்கோர்டியா விபத்துக்குப் பின், அவசரகாலப் பயிற்சியைக் கப்பல் புறப்படுவதற்கு முன்போ புறப்பட்ட உடனேயோ நடத்த வேண்டும் என்று விதி மாறியது. எல்லாரையும் அவரவர் கூடுமிடத்துக்கு அழைத்துப் பெயர் சரிபார்த்தபோது, “கப்பல்லயும் பெரட்டா?” என்று, தோட்டத்தில் காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டை நினைத்து அம்மா கேட்டது எங்கள் குடும்பத்தில் இன்னும் ஓயாத சிரிப்பு. சிரிப்பு ஒருபுறம் இருக்க, அவசரம் என்று வந்தால் லிப்டைப் பயன்படுத்தக் கூடாது, படியில்தான் இறங்க வேண்டும். அம்மாவின் அறையிலிருந்து அந்தக் கூடுமிடத்துக்கு எத்தனை படி என்பதை நான் அன்றே எண்ணிவிட்டேன்.

இடப்பக்கமா வலப்பக்கமா என்று கேட்பவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லலாம். கிள்ளானிலிருந்து வடக்கே போகும்போது சூரியன் மறைவது இடப்பக்கம். திரும்பி வரும்போது அது வலப்பக்கமாகிவிடும். போய் அதே வழியில் திரும்பும் பயணத்தில் இதற்காக மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டியதில்லை.

பிள்ளைகளோடு போகிறவர்கள் படுக்கையைக் கவனிக்க வேண்டும். நால்வர் அறை என்றால் பெரும்பாலும் கீழே இரண்டு கட்டில், மேலே சுவரிலிருந்தோ கூரையிலிருந்தோ இறங்கும் இரண்டு கட்டில். பிள்ளைகளுக்கு ஏணி ஏறுவது கொண்டாட்டம். ஆனால் கரையிறங்கும் நாள் காலையில் நால்வருக்கும் ஒரே குளியலறை. மூன்றாம், நான்காம் ஆள் கட்டணம் குறைவு என்பதால் ஒரே அறைதான் மலிவு என்று முடிவு கட்டிவிடாமல், இரண்டு உட்புற அறைகளுக்கும் விலை கேட்டுப் பார்ப்பது நல்லது. நாலு பேர் நெருக்கியடித்த ஒரு பால்கனி அறையின் விலைக்கு அருகில் அது வந்து நிற்பதை நான் பார்த்திருக்கிறேன். நடுவில் கதவு வைத்த இணைப்பறைகள் ஒரே குடும்பத்துக்கு வரம். அடுத்த பக்கம் அந்நியர் என்றால் அந்தக் கதவின் வழியே அவர்களுடைய குறட்டையும் சண்டையும் வந்து சேரும். ஒவ்வோர் அறையிலும் வயது வந்த ஒருவர் பெயர் இருக்க வேண்டும் என்பது பல நிறுவனங்களின் விதி. காகிதத்தில் அப்படிப் பிரித்துவிட்டுப் படுக்கையைப் பின்னர் மாற்றிக்கொள்ளலாம்.

தங்கை கணவருக்கு என் கணக்கில் உடன்பாடில்லை. “போறதே ஒரு தடவ, மச்சான், அதுலயும் கணக்கா?” என்கிறார். அதற்கு மணிக்கணக்கில் பதில் சொல்ல முடியாது. ஏழு இரவுப் பயணமாக இருந்து, கரை தொடாத நாள்கள் இரண்டு மூன்று வந்தால் நானே பால்கனிக்குத்தான் வாக்களிப்பேன். மூன்று இரவுக்கு, ஓடும் வயதுப் பிள்ளைகள் இருவரை வைத்துக்கொண்டு, அவர் பால்கனியில் உட்காரப்போவதில்லை என்று எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும். புறப்படும் மாலையில் மேல்தளத்தில் நல்ல நாற்காலி பிடித்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறேன்.

ஆக, ஐந்து அறைகள். நடுப்பகுதியில், மேலும் கீழும் அறைகளே உள்ள தளத்தில், லிப்டுக்கு ஆறு கதவு தள்ளி ஒரு பால்கனி: அம்மாவும் என் மனைவியும். தாழ்வாரத்தின் எதிர்ப்பக்கம் உட்புற அறை ஒன்று: நானும் மகனும், கடல் பார்க்க வேண்டும் என்றால் அம்மாவின் அஞ்சடிக்குப் போவோம். தங்கை குடும்பத்துக்கு இணைப்புக் கதவுள்ள உட்புற அறைகள் இரண்டு. தம்பி மனைவிக்குக் காரில் தைப்பிங் போனாலே தலைசுற்றும். அவர்களுக்குக் கீழ்த்தளத்து நடுவில் அகன்ற கண்ணாடி ஜன்னல் அறை. குழந்தைக்கு மடக்குத் தொட்டில் போட்டால் தரையில் நடக்க இடம் இருக்குமா என்பதையும் கேட்டாயிற்று. பெட்டிகளைக் கட்டிலுக்கடியில் தள்ளினால் இருக்கும் என்றார்கள்.

மீதமிருப்பது ஒன்றுதான். சாதாரண அறைகளில் குளியலறை வாசலில் தண்ணீர் வெளியே வராமல் இருக்க ஒரு மேடு உயர்த்தியிருக்கும். முதல் பயணத்தில் அம்மா அதில் இரண்டு முறை கால் இடறினார். நடமாட்டம் குறைந்தவர்களுக்கென அகன்ற கதவும் மேடில்லாத குளியலறையும் கொண்ட அறைகள் உண்டு, ஆனால் அவை ஒரு கப்பலில் சிலவே, முந்திக்கொள்பவருக்குத்தான் கிடைக்கும். நாங்கள் பார்த்துவைத்த பால்கனி அறையில் அந்த மேடு எத்தனை அங்குலம் என்று முகவரிடம் திங்கட்கிழமை கேட்டேன். கேட்டுச் சொல்கிறேன் என்றார். பதில் வரட்டும், அதன் பிறகு முன்பணம் கட்டுகிறேன்.